ஹவுரா பாலத்தின் உண்மையான விசேஷம் ரிவெட் அல்ல, ஆறு

கொல்கத்தாவின் ஹவுரா பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் எழும் கேள்வி இது: "அதில் ஒரு நட்டோ போல்ட்டோ கிடையாது, ஆற்றுக்குள் ஒரு தூணும் கிடையாது என்கிறார்களே, அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? ஏன் அப்படிக் கட்டினார்கள்?" இரண்டு செய்திகளுமே ஏறத்தாழ உண்மைதான். ஆனால் முதலாவதை நாம் தேவைக்கு மேல் வியக்கிறோம் என்பதும், இரண்டாவதை வியக்க வேண்டிய அளவுக்கு வியப்பதில்லை என்பதும் என் கருத்து.

முதலில் நட்டு, போல்ட் விஷயத்தை முடித்துவிடலாம். பாலத்தின் இரும்புச் சட்டகம் முழுவதும் தறையாணி எனப்படும் ரிவெட்டுகளால் இணைக்கப்பட்டது. செக்கச்செவேலென்று காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகி மறுமுனையை அடித்துத் தலையாக்கிவிட்டால், அது ஆறும்போது சுருங்கித் தகடுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பெரிய இரும்பு, எஃகுக் கட்டுமானங்கள் எல்லாமே இப்படித்தான் உருவாயின. 1889இல் முடிந்த ஈபிள் கோபுரமும், 1890இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலமும், 1932இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலமும் ரிவெட் வேலைதான். பாலங்களில் ரிவெட்டின் இடத்தை உயர்வலு போல்ட்டுகள் பிடித்தது 1950களுக்குப் பிறகே. ஆகவே 1930களில் வடிவமைக்கப்பட்ட ஒரு பாலத்தில் போல்ட் இல்லை என்பது அந்தக் காலத்து வழக்கமே தவிர அதிசயமன்று. தவிரவும், சாலைத் தளத்தைத் தாங்கும் குறுக்கு உத்தரங்கள் மேலிருந்து வரும் தொங்கல்களோடு (தளத்தைத் தூக்கிப் பிடிக்கும் எஃகு உறுப்புகளோடு) முளையாணி எனப்படும் பின்களால் இணைக்கப்பட்டிருப்பதால், 'ரிவெட்டைத் தவிர வேறொன்றுமே இல்லை' என்பதும் சரியாகாது.

ஆற்றில் தூண் இல்லை என்பதுதான் கதையின் மையம். அது கட்டடக்கலை அழகுக்காக எடுத்த முடிவன்று. ஹூக்ளி ஆறு நிர்ப்பந்தித்த முடிவு. அதைப் புரிந்துகொள்ள, பாலம் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து புறப்பட்டது. நகரமோ ஆற்றின் கிழக்குக் கரையில், ரயில் முனையமோ மேற்குக் கரையில். வந்திறங்கிய ஒவ்வொரு பயணியும் ஒவ்வொரு மூட்டையும் படகேறித்தான் கல்கத்தாவுக்குள் நுழைய வேண்டியிருந்தது. பாலம் வேண்டும் என்ற பேச்சு 1850களிலேயே தொடங்கிவிட்டது. 1862இல் வங்காள அரசு, அந்த ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் டர்ன்புல்லிடம் ஆய்வு செய்யச் சொன்னது. அவர் தந்த அறிக்கையின் சாரம் எளிமையானது: கல்கத்தாவில் ஆற்றுப்படுகை ஆழமான சேறு, தூண் நிறுத்த வேண்டுமானால் அடித்தளத்தை மிகவும் கீழே கொண்டுபோக வேண்டும், செலவு தாங்காது. நகருக்கு 12 மைல் வடக்கே, கெட்டியான களிமண் படுகை உள்ள புல்டா காட் என்னுமிடத்தில் கட்டுவதே மேல் என்றார் அவர். நகரத்தில் வேண்டிய பாலத்தை 12 மைல் தள்ளிக் கட்டி யாருக்கு என்ன பயன்? அந்தத் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

சேறு மட்டுமல்ல சிக்கல். ஹூக்ளி கடலோதம் ஏறி இறங்கும் ஆறு. ஓதத்தோடு சில நாட்களில் சுவர்போல அலை எழும்பி எதிர்த்திசையில் ஓடிவருவதும் உண்டு. அது வண்டலைச் சுமந்துவரும் ஆறும்கூட. அதன் நடுவே தூண்களை நிறுத்தினால் ஓட்டம் திசைமாறி, ஓரிடத்தில் அரிப்பும் வேறோரிடத்தில் வண்டல் மேடும் உண்டாகும். கல்கத்தா துறைமுகத்தின் உயிரே அந்தக் கப்பல் வழியில் இருந்ததால், ஆற்றின் போக்கைக் கெடுக்கும் எதையும் துறைமுகத்தார் ஏற்கத் தயாராக இல்லை. பிற்காலத்துக் குழுக்கள் அத்தனையும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டன.

தரையில் கால் ஊன்ற முடியாவிட்டால் நீரில் மிதக்கலாம் என்பது அடுத்த யோசனை. 1871இல் ஹவுரா பாலச் சட்டம் நிறைவேறியது. சர் பிராட்ஃபோர்ட் லெஸ்லி மிதவைப் பாலம் ஒன்றை வடிவமைத்தார். அதன் பகுதிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து கல்கத்தாவில் இணைக்கப்பட்டன. வேலை முடிவதற்கு முன்பே, 1874 மார்ச் 20 அன்று, புயலில் கட்டறுந்த 'எகீரியா' என்ற நீராவிக் கப்பல் மோதி மூன்று மிதவைகளை மூழ்கடித்தது. அதையும் சரிசெய்து அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று பாலத்தைத் திறந்தார்கள். 1528 அடி நீளம், 62 அடி அகலம். நடுவில் 200 அடி நீளப் பகுதியைக் கழற்றி ஒதுக்கினால் கப்பல்கள் கடந்து போகலாம். பாம்பன் பாலம் கப்பலுக்காகத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். ஆனால் பாம்பனில் காத்திருந்தது ரயில். இங்கே காத்திருந்தது ஒரு பெருநகரத்தின் சந்தைக்கூட்டம். 1906இல், கடலோடும் பெரிய கப்பல்கள் தவிர மற்றவற்றை இரவில் விடும் வழக்கம் வந்த பிறகே பகல் நேர நெரிசல் ஓரளவு தணிந்தது.

அதே 1906இல் போக்குவரத்தை எண்ணிப் பார்த்தபோது, பாலத்தில் சென்ற வண்டிகளில் 13இல் 8 பங்கு மாட்டுவண்டிகள் என்று தெரியவந்தது. எனக்கு மிகவும் பிடித்த புள்ளிவிவரம் இது. மாட்டுவண்டி மெதுவாகச் செல்லும், ஓதம் இறங்கியிருக்கும் வேளையில் கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் சரிவில் இன்னும் மெதுவாகச் செல்லும். பாலம் போதாமல் போனதற்கு அகலக் குறைவைப் போலவே, ஓதத்தோடு தானும் ஏறி இறங்கிய அதன் இயல்பும் காரணம். அப்போது அமைந்த குழு படகுச் சேவை, சுரங்கப்பாதை, தூண் பாலம், வளைவுப் பாலம் எல்லாவற்றையும் அலசிவிட்டு, மீண்டும் ஒரு மிதவைப் பாலமே போதும் என்று முடிவு செய்தது. வடிவமைப்புகளைக் கோரி 23 நிறுவனங்களுக்கு அழைப்பும் போனது. முதல் உலகப் போர் வந்ததால் அந்த முயற்சி அப்படியே கிடந்தது. அந்தப் போர் வராதிருந்தால் நாம் இன்று காணும் பாலமே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

1921இல் தொழிலதிபரும் பொறியாளருமான சர் ராஜேந்திரநாத் முகர்ஜியின் தலைமையில் புதிய குழு அமைந்தது. அந்தக் குழு கருத்துக் கேட்ட சர் பேசில் மோட், ஒரே வீச்சில் ஆற்றைத் தாண்டும் வளைவுப் பாலத்தைச் சொன்னார். 1926இல் புதிய ஹவுரா பாலச் சட்டம் வந்தது. 1930இல் இன்னொரு குழு, தூண் பாலம் சாத்தியமா என்று மறுபடியும் ஆராய்ந்தது. இறுதியில் ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் என்ற லண்டன் ஆலோசனை நிறுவனத்தின் வடிவமைப்பில் கேண்டிலீவர் பாலம், அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் கொண்டு அந்தரத்தில் நீளும் கைகளால் ஆன பாலம், என்று தீர்மானமாயிற்று. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த தொகை கேட்டது ஒரு ஜெர்மானிய நிறுவனம். ஆனால் 1935இல் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே இருந்த அரசியல் நிலையில் வேலை அவர்களுக்குப் போகவில்லை. பிரெய்த்வெய்ட், பர்ன், ஜெசாப் என்ற மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம் எஃகு வேலையைப் பெற்றது; தளத்தில் கட்டும் பணியில் இங்கிலாந்தின் கிளீவ்லாந்து பிரிட்ஜ் நிறுவனமும் இருந்தது.

ஏன் கேண்டிலீவர்? வளைவுப் பாலம் தன் இரு முனைகளையும் வெளிப்புறமாக உதைக்கும். அந்த உதையைத் தாங்கக் கரையில் பாறைபோன்ற பிடிமானம் வேண்டும். சிட்னியில் மணற்கல் பாறை இருந்தது. கல்கத்தாவில் இருந்தது களிமண்ணும் மணலும். தொங்கு பாலமோ தன் வடங்களைக் கரைகளில் பக்கவாட்டாக இழுக்கும்; அதற்கும் உறுதியான நிலம் வேண்டும். கேண்டிலீவர் அமைப்பில் கரையின்மேல் வரும் விசைகள் பெரும்பாலும் செங்குத்தானவை: கோபுரத்தின் அடியில் கீழ்நோக்கிய அழுத்தம், கடைமுனையில் மேல்நோக்கிய இழுப்பு. இளகிய மண்ணில் இந்த இரண்டையும் சமாளிப்பது பக்கவாட்டு உதையைச் சமாளிப்பதைவிட எளிது.

மேல்நோக்கிய இழுப்பு என்பது சற்று விநோதமாகத் தோன்றலாம், விளக்குகிறேன். வீட்டுச் சுவரிலிருந்து நீளும் பால்கனி ஒரு கேண்டிலீவர். ஒரு முனை சுவருக்குள் பிடிபட்டிருக்க, மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. ஹவுராவில் ஒவ்வொரு கரையிலும் ஒரு கோபுரம் உண்டு. உயரம் 280 அடி. அந்தக் கோபுரத்தை நடுவாக வைத்து ஓர் ஏற்றப்பலகையை (சீசா) நினைத்துக்கொள்ளுங்கள். கரைப்பக்கம் நீளும் கை 325 அடி. இது நங்கூரக் கை. ஆற்றுப்பக்கம் நீளும் கை 468 அடி. இரு கரைகளிலிருந்தும் நீண்ட இந்த ஆற்றுக் கைகளின் நுனிகளுக்கு இடையே 564 அடி நீளத் தொங்குகண் ஒன்று, அதாவது தொங்கும் நடுப்பகுதி, மாட்டப்பட்டிருக்கிறது. 468, 564, 468 மூன்றையும் கூட்டினால் 1500 அடி, அதாவது 457 மீட்டர். இதுதான் கோபுரத்துக்குக் கோபுரம் உள்ள தூரம். ஆற்றுப்பக்கக் கை நீளமானது. அதன் நுனியில் தொங்குகண்ணின் பாதிச் சுமை வேறு. எனவே ஏற்றப்பலகை எப்போதும் ஆற்றுப்பக்கம் சாயவே பார்க்கும், கரைப்பக்க முனை மேலே எழும்பப் பார்க்கும். அதை எழும்பவிடாமல் நிலத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் கனத்த அடித்தளம்தான் நங்கூரம். பாலத்தின் இரு கடைமுனைகளும் தரைமேல் அமர்ந்திருப்பதாகவே பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். உண்மையில் அவை தரைக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. 'எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது' என்ற கேள்விக்கு நேரான பதில் இதுவே.

சாலைத் தளம் இந்தச் சட்டகத்துக்குள் 39 ஜோடித் தொங்கல்களில் தொங்குகிறது. நடுவில் 71 அடி அகல வண்டிப்பாதை, இருபுறமும் தலா 15 அடி நடைபாதை. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: கோபுரங்களுக்கு அப்பால், கரைப்பக்கத்தில் செல்லும் சாலை நங்கூரக் கைகளின்மேல் சுமையேற்றவில்லை, அது தரையிலிருந்தே தாங்கப்படுகிறது. தளம் முழுவதும் ஒரே துண்டாக இல்லாமல் எட்டு இடங்களில் மூட்டுகள் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் எஃகு நீளும், மார்கழிக் குளிரில் சுருங்கும், வண்டிகளின் சுமையில் வளையும். மூட்டுகள் இல்லாவிட்டால் இந்த அசைவுகள் எல்லாம் தளத்தையே பிளந்துவிடும்.

இப்படிப்பட்ட பாலத்தில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கும் என்பதை உலகம் ஏற்கெனவே கற்றிருந்தது. கனடாவின் கியூபெக் பாலமும் கேண்டிலீவர்தான். 1907இல் கட்டும்போதே அதன் கீழ்ப்புற அழுத்த உறுப்புகள் நெளிந்து சரிந்து 75 பேர் இறந்தார்கள். 1916இல் நடுக்கண்ணைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து மேலும் 13 பேர் மாண்டார்கள். ஹவுராவில் நடுக்கண்ணைத் தனியே செய்து தூக்கவில்லை; இரு கரைகளிலிருந்தும் பாதிப்பாதியாக நீட்டிக்கொண்டே வந்து நடுவில் சேர்த்தார்கள்.

வேலை 1936இல் தொடங்கியது. அடித்தளம்தான் மிகக் கடினமான பகுதி. ஒவ்வொரு கோபுரத்துக்கும் கீழே 55.31 மீட்டர் நீளமும் 24.8 மீட்டர் அகலமும் உள்ள கேசான் என்ற பெரும்பெட்டியை மண்ணுக்குள் இறக்கினார்கள். அதற்குள் 6.25 மீட்டர் சதுரத்தில் 21 குழிகள் இருந்தன. கிணறு வெட்டுபவர்கள் உறை இறக்குவதைப் பார்த்திருந்தால் தத்துவம் உடனே பிடிபடும்: உள்ளே மண்ணை அள்ள அள்ள, தன் பாரத்தால் பெட்டி கீழே இறங்கும். ஹவுரா பக்கம் 26.53 மீட்டரில் உறுதியான தரை கிடைத்தது; கல்கத்தா பக்கம் 31.41 மீட்டர் வரை போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் மணல் ஊறி உள்ளே ஓடிவந்ததால், அழுத்தமேற்றிய காற்றைச் செலுத்தி அதைத் தடுத்தபடியே வேலை செய்தார்கள். ஓரிரவு மண் அள்ளிக்கொண்டிருக்கும்போது அடிநிலம் திடீரென்று இளகி, அத்தனை பாரமும் ஒரேயடியாக இரண்டு அடி கீழே இறங்கியது. கிடர்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதை நிலநடுக்கமாகவே பதிவு செய்ததாகவும், கரையிலிருந்த கோயில் ஒன்று இடிந்து பின்னர் திரும்பக் கட்டப்பட்டதாகவும் பாலத்தின் வரலாறு கூறுகிறது. அள்ளிய சேற்றோடு நங்கூரங்கள், பீரங்கிகள், குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயங்கள் ஆகியவையும் வெளியே வந்தன. 1938 நவம்பரில் அடித்தளங்கள் முடிந்தன.

அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர். பாலத்துக்கு வேண்டிய எஃகு 26,500 டன். அதைப் பெருமளவு இங்கிலாந்திலிருந்து கொண்டுவருவதே திட்டம். ஆனால் போர் வந்ததால் அங்கிருந்து வந்தது சுமார் 3,000 டன் மட்டுமே. எஞ்சிய ஏறத்தாழ 23,500 டன்னை டாடா எஃகு நிறுவனம் தந்தது. 'டிஸ்குரோம்' என்று அது பெயரிட்ட உயர்வலுக் கலப்பு எஃகு இதற்காகவே பெயர்பெற்றது. நட்டு, போல்ட் இல்லாத கதையை விட்டுவிட்டு நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி உண்டென்றால் அது இதுதான்: உலகின் மிகப்பெரிய கேண்டிலீவர் பாலங்களுள் ஒன்றுக்கு, அதன் ரகத்துக்கே உரிய எஃகை, அடிமைப்பட்டிருந்த நாட்டின் ஆலை ஒன்று போர்க்காலத்தில் உருக்கித் தந்தது. அந்த எஃகை வெட்டி, துளையிட்டு, உறுப்புகளாக்கிய நான்கு பட்டறைகளும் கல்கத்தாவிலேயே இருந்தன.

மேற்கட்டுமானத்தை ஊர்ந்து செல்லும் பாரந்தூக்கிகள் எழுப்பின. தான் கட்டி முடித்த சட்டகத்தின்மேலேயே முன்னேறி, அடுத்த துண்டைத் தூக்கிப் பொருத்தும் பாரந்தூக்கி அது. நங்கூரக் கையில் தொடங்கி, கோபுரத்தைத் தாண்டி, ஆற்றின்மேல் நீண்டது வேலை. 1941 கோடையில் இரு கைகளும் முடிந்தன. தலா 282 அடி நீளமும் 2,000 டன் எடையும் உள்ள தொங்குகண்ணின் இரு பாதிகளும் அவ்வாண்டு டிசம்பரில் கட்டப்பட்டன. அவற்றை நடுவில் சேர்க்க, ஒவ்வொன்றும் 800 டன் திறனுள்ள 16 நீரழுத்த ஜாக்கிகள் பயன்பட்டன. காற்று, வெயில், சுமை எல்லாவற்றாலும் தனித்தனியே அசையும் இரு முனைகளை ஆற்றின் நடு அந்தரத்தில் துளைக்குத் துளை நேர்ப்படுத்துவதுதான் அந்த ஜாக்கிகளின் வேலை.

கட்டி முடிக்க ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரூபாய் ஆயிற்று. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாமீது குண்டு வீசத் தொடங்கியிருந்தன. எனவே 1943 பிப்ரவரி 3 அன்று, விழா எதுவுமின்றி, சத்தமில்லாமல் பாலம் திறக்கப்பட்டது. முதலில் கடந்து சென்றது ஒற்றை டிராம் வண்டி. கியூபெக், ஃபோர்த் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக உலகின் மூன்றாவது நீளமான கேண்டிலீவர் கண்ணைக் கொண்ட பாலத்துக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான். 1946இல் எடுத்த கணக்கின்படி நாளொன்றுக்கு 27,400 வண்டிகள், 1,21,100 பாதசாரிகள், 2,997 கால்நடைகள் அதைக் கடந்தன. 1965 ஜூன் 14 அன்று ரவீந்திரநாத் தாகூரின் நினைவாக ரவீந்திர சேது என்று பெயர் மாற்றப்பட்டது; ஆனாலும் கொல்கத்தாவில் எல்லாரும் அதை ஹவுரா பாலம் என்றே சொல்கிறார்கள்.

பிற்காலத்து வரலாறு பெரும்பாலும் பராமரிப்பு வரலாறு. 1993இல் டிராம்கள் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, சற்றுத் தெற்கே, வித்யாசாகர் சேது திறக்கப்பட்டு நெரிசலில் ஒரு பங்கைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. அது சாய்வடங்களில் தொங்கும் பாலம். கட்டும் முறை முற்றிலும் வேறு. இருந்தும் அதன் நடுக்கண்ணும் அதே 457 மீட்டர்தான். ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த பொறியாளர்களிடமும் ஆறு அதே அளவைத்தான் கேட்டது. 2005 ஜூனில் ஒரு சரக்குக் கப்பலின் புகைபோக்கி ஹவுரா பாலத்தின் அடியில் சிக்கி மூன்று மணி நேரம் நின்றதில் பாலத்துக்குச் சேதம் ஏற்பட்டது. திறந்து மூடும் மிதவைப் பாலத்தின் இடத்தில் தாழ்வான நிலைத்த தளத்தை வைத்ததற்குக் கொடுக்கும் விலை இது.

எஃகை அரிப்பவை வேறு. பறவை எச்சம் ஒன்று. வெற்றிலை எச்சில் இன்னொன்று. வெற்றிலையையும் சுண்ணாம்பையும் மென்று நடைபாதையோரத் தொங்கல்களின் அடியில் துப்பித் துப்பி, அங்கிருந்த 6 மில்லிமீட்டர் உலோக உறை சில ஆண்டுகளிலேயே 3 மில்லிமீட்டராகத் தேய்ந்திருப்பதைப் பாலத்தைப் பராமரிக்கும் துறைமுக நிர்வாகம் கண்டது. 2011இல் தொங்கல்களின் அடிப்பாகங்களை எளிதில் கழுவக்கூடிய கண்ணாடியிழை உறைகளால் மூடினார்கள். கொல்கத்தா சென்றால், பூச்சந்தை இருக்கும் மல்லிக் காட் பக்கத்திலிருந்து பாலத்துக்கு ஏறுங்கள். கோபுரத்தைத் தாண்டியதும் மேலே பார்த்து ரிவெட் தலைகளை எண்ண முயல்வதற்கு முன், காலடியில் தளம் மூட்டுப்போட்டுப் பிரியும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பேருந்து கடக்கும்போது தளம் அதிர்வதைப் பாதத்தில் உணரலாம். அந்த இடத்தில் உங்களைத் தாங்குவது ஆற்றிலிருந்து எழும் தூண் அல்ல, மேலிருந்து இறங்கும் ஒரு தொங்கல்.